கிழக்கே வைத்த தலைமாட்டுப் பலகை

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்

அம்மாவுக்குத் தையல்நாயகியின் வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

உங்கள் மாப்பிள்ளையின் போக்குதான் சரியில்லை. ஆள் புழங்காமல் கிடந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். தேயிலைப் பெட்டிகளை உடைத்து, அங்கிருக்கும் கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை செய்தார். என் பழைய சேலையை அதன்மேல் இழுத்து ஆணியடித்தார். யாருக்கு என்று கேட்டால், “சும்மாதான்லா” என்று சிரிக்கிறார். எவளையாவது கூட்டிவருவாரோ என்று எனக்குத் தூக்கமில்லை.

நேற்று கட்டில் கால்களை அறுத்துத் தாழ்த்தினார். தலைமாட்டைக் கிழக்கே திருப்பினார். கிழக்கே தலைவைத்தால்தான் தூக்கம் வரும் என்பவர் நீங்கள் ஒருவர்தான். எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் கடிதம் போட்டுக்கொள்கிறீர்களா?

ஆமென்றால் சுண்டைக்காய் வற்றல் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் உடனே எழுதுங்கள், பலகையை அடுப்பில் வைக்கவேண்டும்.

தையல்நாயகி