ராட்டினத்திலிருந்து தெரியும் இடம்

டிசம்பர் 28, ஞாயிறு

தீம் பார்க் வாசலில் இன்று மெட்டல் டிடெக்டர் கத்தியது. மனைவி, மகளோடு வந்தவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் கைத்துப்பாக்கி.

"லைசென்ஸ் கீதுப்பா. கார்ல வெச்சிட்டு வர முடியாது."

"இதோட உள்ள விடமாட்டாங்க சார். எங்க லாக்கர்லயும் வாங்கமாட்டோம்."

திட்டினார். திட்டு வாங்கத்தானே இந்தச் சீருடை. பிறகு மனைவியையும் மகளையும் மட்டும் போகச் சொன்னார். "நைனா வராம போமாட்டேன்" என்று சிறுமி அழுதாள்.

எனக்குச் சித்தூர் பொருட்காட்சி ஞாபகம் வந்துவிட்டது. என் நைனா ஒரு காண்ட்ராக்டருக்கு கன்மேன். முதலாளியின் குடும்பத்தோடு என்னை உள்ளே அனுப்பிவிட்டு, நைனா துப்பாக்கியோடு வெளியே நின்றார். ராட்டினம் உச்சிக்குப் போகும்போதெல்லாம் அவரைத் தேடினேன். கூட்டத்தில் தெரியவேயில்லை.

வெளியே வந்ததும், "கை ஆட்டிக்கினே இருந்தேனே, பாத்தியாடா?" என்றார்.

"பாத்தேன் நைனா" என்று பொய் சொன்னேன்.

இன்று அந்த மனிதரிடம், "சார், அந்தப் புளியமரத்தண்ட நில்லுங்க. ராட்டினத்து மேலேர்ந்து பாப்பாவுக்கு நல்லா தெரியும்" என்றேன்.

திருப்பதிக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே, நான் ராட்டினத்தில் ஏறிப் பார்த்துவைத்த இடம் அது.