சீட்டில் எழுதாதது

மார்ச் 3, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அத்தனை பேரையும் முதலில் பார்த்தது டாக்டர் இல்லை, நான். அக்கா மகள் உள்ளே டாக்டர் என்றால் நான் வாசல் டாக்டர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. அதற்கு மேல் போயிருந்தால் இந்தத் தலை தாங்கியிருக்காது.

நம்முடையது முன்பதிவு இல்லாத கிளினிக். காய்ச்சல், வெட்டுக்காயம், சுளுக்கு, மூச்சிரைப்பு என்று யாரும் நேரே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வரலாம். வருகிறவரிடம் என்ன செய்கிறது என்று கேட்டுச் சீட்டில் ஒரு வரி எழுதி உள்ளே அனுப்புவேன். யாரை முதலில் கூப்பிடுவது என்பதை அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த ஒரு வரியில்தான் என் கைவண்ணம். கத்தி பட்ட விரலோடு ஒரு பெண் வந்தாள். 'விரல் தொங்குகிறது' என்று எழுதினேன். விரல் தொங்கவில்லைதான். முகம் தொங்கிப்போயிருந்ததே, அதற்கு என்ன சொல்வது?

மார்ச் 5, வியாழன்

மத்தியானம் ஆளில்லை. வெயில் கண்ணாடி வழியாக நுழைந்து தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டது. உள்ளே மூச்சிரைப்புக்காரர் ஒருவர் முகமூடி வைத்து மருந்துப் புகை இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை கதவிடுக்கில் நூலாக வந்து என் மேஜையைச் சுற்றியது. கண்ணை மூடியதுதான் தெரியும். நீல நாற்காலிகள் எல்லாம் ஓடங்களாகி மெல்ல நகர்கின்றன. ஆளுக்கொரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் வலி இல்லை. முன்னால் நான் துடுப்புப் போடுகிறேன்.

"மாமா, உங்க குறட்டை உள்ள வரைக்கும் கேக்குது" என்று பெரிய நர்ஸ் எழுப்பினாள்.

அது துடுப்புச் சத்தம் என்றேன்.

மார்ச் 9, திங்கள்

கூட்டம் போட்டார்கள். மேனேஜர் பெண் வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து வைத்திருந்தாள்.

"போன மாசம் டாக்டரைப் பாக்காமலே எந்திரிச்சுப் போனவங்க அறுபத்திரண்டு பேர் மாமா."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"நீங்க எழுதறதைப் படிச்சா எல்லாருக்குமே உயிர் இன்னும் அஞ்சு நிமிஷம்தான்னு தோணுது. நிஜமா அவசரமானவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரையும் முன்னாடி கூப்பிட்டுக் கூப்பிட்டு வரிசையே காணாமப் போச்சு."

விஷயம் இதுதான். ஒரு தொழிற்சாலை தன் ஆட்கள் ஆயிரத்திருநூறு பேரையும் நம்மிடம் அனுப்ப யோசிக்கிறது. ஒரு மாதம் காத்திருப்பு நேரத்தைக் கவனிப்பார்களாம். ஒப்பந்தம் கிடைத்தால் இன்னொரு டாக்டர் வருவார். கிடைக்காவிட்டால் என் அக்கா மகள் இப்படியே நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான்.

"மாமா, ஒரு மாசம்" என்றாள் அக்கா மகள். "அவங்க வாயால என்ன சொல்றாங்களோ அது மட்டும். ஒரு எழுத்து கூடக்கூடாது. இல்லேன்னா உங்க நாற்காலியில சீட்டு அடிக்கிற மெஷின் வந்துரும்."

"உன் மெஷின் வாங்க, உக்காருங்கன்னு சொல்லுமா?"

"சொல்லும் மாமா. மூணு பாஷையில சொல்லும்."

மார்ச் 11, புதன்

'தலைவலி.' 'இருமல்.' 'கால் சுளுக்கு.' இதெல்லாம் ஒரு எழுத்தா? எழுதாமல் விட்ட வார்த்தைகள் மத்தியானம் பஞ்சு மாதிரி கூடத்தில் மிதந்தன. மின்விசிறிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தன.

மார்ச் 16, திங்கள்

போன வாரம் எழுந்து போனவர்கள் மூன்றே பேர். "கலக்கிட்டீங்க மாமா!" என்று மேனேஜர் பெண் கை கொடுத்தாள். முப்பது வருஷம் லாரி ஆபீசில் இருந்தவன் நான், மூட்டையைப் பார்த்தே உள்ளே என்ன சரக்கு என்று சொன்னவன், இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்றேன். நாற்காலி நமக்குத்தான்.

மார்ச் 18, புதன்

இன்று ஒரு உயிரைக் காப்பாற்றினேன். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரர் வந்தார். பார்த்த மாத்திரத்தில் மாரடைப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜையை ஒரே தாவாகத் தாண்டி அவரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினேன். "மாமா, நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்!" என்று டாக்டர் கண் கலங்கினாள். ஆம்புலன்ஸ் டிரைவர் எனக்கு சல்யூட் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

மார்ச் 19, வியாழன்

நேற்று எழுதியது பொய்.

அடித்துவிடலாமென்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.

நடந்தது இது. தையல்காரர் வந்தார். "லேசா ஒரு மாதிரியா இருக்குங்க. அசிடிட்டிதான். அவசரமில்ல" என்றார். வெளியே மழை, உள்ளே குளிர்ச்சி. ஆனாலும் அவர் சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது. இடது கையை மடியில் வைத்து விரித்து விரித்து மூடினார். முகம் கழுவின சிலேட்டு மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். எழுதத் துடித்தது கை. எழுதினால் மாமா பழையபடி ஆரம்பித்துவிட்டார் என்பார்களே, மெஷின் வந்துவிடுமே — 'லேசாக ஒரு மாதிரி. அசிடிட்டி' என்று எழுதினேன். ஒரு எழுத்து கூடவில்லை. அவருக்கு முன்னால் ஏழு பேர். இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்யா. பார்த்துக்கிட்டே இருந்தேன். நாற்காலியிலிருந்து அவர் சரிந்தபோது ஓடி வந்தது பெரிய நர்ஸ். நான் எழுந்திருக்கக்கூட இல்லை.

டாக்டர் அந்தச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "அவர் சொன்னதைத்தானே எழுதினீங்க, உங்க மேல தப்பில்ல மாமா. நான்தான் ஒரு எட்டு வந்து பாத்திருக்கணும்" என்றாள்.

நான் அடுத்த ஆளுக்குச் சீட்டு எழுதப் போனேன்.

மார்ச் 20, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரியில் அவர் இன்னும் கண் திறக்கவில்லையாம்.

விடிகாலையில் கனவில் வந்தார். நாடாவின் ஒரு முனையை என் மேஜையில் வைத்து, மறுமுனையை டாக்டர் அறைக் கதவு வரை இழுத்துக்கொண்டு போனார். குனிந்து படித்துவிட்டு, "எட்டடிதாங்க" என்றார். கோபமே இல்லை அவருக்கு.

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டேன். கடைசி ஆள் போன பிறகு டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அவரை நான் பாத்தேன். காலர் நனைஞ்சிருந்துது. கை ஒரு மாதிரி பண்ணிட்டிருந்தார்."

"எப்போ?"

"வந்தப்பவே."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏன் மாமா சொல்லல?"

"சொன்னதை மட்டும் எழுதுன்னியே..." சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். "இல்லம்மா, உம்மேல போடல. நாற்காலி போயிரும்னு பயம். அவ்வளவுதான்."

குழாயை மூடினாள். துண்டை எடுத்தவள் துடைக்காமல் அப்படியே நின்றாள். "நாளையிலேருந்து நீங்க வர வேணாம் மாமா" என்றாள்.

மார்ச் 26, வியாழன்

வீடு. சுவர். அக்கா போனில் பேசினாள். "என்னடா, ஊரையே தூக்கி நிறுத்தறவன் வீட்ல உக்காந்திருக்கியாமே?" லீவு என்றேன். "உன் மருமக எல்லாம் சொன்னா. உனக்கும் பொய்க்கும் ரொம்ப தூரமில்லைன்னு தெரியும். ஆனா இதை நீயாவே சொன்னியாமே, அதைத்தான் என்னால நம்ப முடியல" என்றாள்.

வைக்கும்போது சொன்னாள்: தையல்காரர் கண் திறந்துவிட்டாராம். இடது கை மட்டும் இன்னும் சரியாக எழும்பவில்லையாம்.

ஜன்னலை இரண்டு முறை திறந்து மூடினேன். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

டாக்டர் கூப்பிட்டு அனுப்பினாள். வாசலில் மெஷின் நிற்கிறது. நிஜமாகவே மூன்று பாஷையில் உட்காரச் சொல்கிறது. பக்கத்தில் ஒரு நீல நாற்காலி. சீட்டு புதிது. மேல் பாதியில் வருகிறவர் சொன்னது, அதை மெஷினே அடித்துக் கொடுத்துவிடும். கீழ்ப் பாதி காலி. தலைப்பு 'பார்த்தது'.

"அது உங்களுக்கு" என்றாள். "கண்ணால பாத்தது மட்டும் மாமா. அதுல என்ன அர்த்தம்னு நான் பாத்துக்கறேன்."

"தொழிற்சாலைக்காரங்க?"

"நடந்ததைச் சொல்லிட்டேன். இன்னும் மூணு மாசம் பாக்கணுமாம்." நின்றுகொண்டே ரொட்டியைக் கடித்தாள்.

மெஷினுக்கு என்மேல் பொறாமை. எனக்கு இருக்கும் இரண்டு கண் அதற்கு இல்லையே!

ஏப்ரல் 6, திங்கள்

இருபத்தேழு பேர். காலையில் லேசான மூடுபனி. கதவைத் தள்ளுகிறவர்கள் ஒவ்வொருவராகப் பனியிலிருந்தே உண்டாகி வருவது போலிருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு பெண். மெஷினிடம் காய்ச்சல் என்றாள். கீழே நான் எழுதியது: 'உட்காரும்போது வயிற்றின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். எழுந்தபோதும் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து நடக்கவில்லை.'

எழுதியதைக் கொண்டுபோய் நானே டாக்டர் மேஜையில் வைத்தேன். உடனே கூப்பிட்டார்கள். அரை மணி கழித்து ஆம்புலன்ஸ் வந்து அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு போயிற்று.

அதற்கு மேல் எனக்குத் தெரியாது.