பதினாறாம் பக்கத்து வரி

அன்றைய கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள்: "அந்த வரி இருக்கட்டும்."

இன்று அலுவலகத்தை இடம் மாற்றுகிறார்கள் என்று மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது, நாம் சோதனைக்கு வைத்திருந்த மீன்பிடிப் படகுக்கான ஜி.பி.எஸ். கருவி கிடைத்தது. மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் இயக்கினேன். செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடியது. நான்காவது அகப்பட்டதும் இருக்குமிடத்தைக் காட்டியது. பொம்மனஹள்ளி, நம் அலுவலகம். சேமித்து வைத்த குறியிடம் ஒன்றே ஒன்று இருந்தது. நீ அதற்கு வைத்த பெயர் "டீ". ஓசூர் சாலைக்கு அந்தப் பக்கத்துக் கடை. இப்போது அங்கே கைபேசி பழுது பார்க்கிறார்கள்.

கருவியைச் சோதிப்பது உன் வேலை, தமிழ்க் கையேடு எழுதுவது என் வேலை. நீ நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். நான் கடலைப் புத்தகத்தில் படித்தவள். படகின் முனை காட்டும் திசையும் படகு போகும் திசையும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டேன். நீ சிரித்தாய்.

"டீச்சரம்மா, ஓசூர் ரோட்டுல பஸ்ஸு வந்தா நீ மூஞ்சிய எங்க வெச்சிருக்க, கூட்டம் உன்ன எங்க தள்ளிட்டுப் போவுது? ரெண்டும் ஒண்ணாடி?"

பிறகு கருவியின் சிவப்புப் பொத்தான். ஆள் கடலில் விழுந்தால் அதை அழுத்த வேண்டும். அந்த நொடியில் படகு இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, திரும்ப வழி காட்டும். "விழுந்தவரிடம் திரும்பிச் செல்லலாம்" என்று எழுதியிருந்தேன். நீ அதை அடித்தாய்.

"அண்ணன் விழுந்தப்ப அப்பா ஒடனே அமுக்கிட்டாருடி. கரெக்டா அந்த எடத்துக்கே வந்தாரு. பொழுது சாயற வரைக்கும் அங்கயே சுத்துனாரு. மிஷினு எடத்தத்தான் புடிச்சு வெக்கும். தண்ணி ஆள நிறுத்தி வெக்குமா?"

யாரிடமும் சொல்லாதே என்றாய். நீயே ஒரு வரி எழுதித் தந்தாய்: "குறித்த இடத்தில் ஆள் இருக்க மாட்டார், நீரோட்டம் போகும் பக்கம் தேடுங்கள்."

கூட்டத்தில் மேலாளர் அந்த வரியில்தான் வந்து நின்றார். "சும்னே, சும்மா எதுக்கும்மா இது? படிக்கிறவனுக்கு மிஷின் மேலயே டவுட் வரும். தூக்கிடுங்க."

"வேணும் சார்" என்றாய், இரண்டு முறை. பிறகு என்னைப் பார்த்தாய். கையேடு என் பொறுப்பு. உன் அண்ணனைப் பற்றி வாய் திறக்காமலே நான் அந்த வரியைக் காப்பாற்றியிருக்கலாம். வாரக்கணக்கில் சரியான தூக்கமில்லை. கூட்டம் முடிந்தால் போதுமென்று இருந்தது. சரி என்று மேலாளருக்குத் தலையாட்டிவிட்டேன்.

படியிறங்கும்போது, "வாடி, டீ குடிக்கலாம்" என்றாய். வேலையிருக்கிறது என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்து எட்டு நாளில் நீ போய்விட்டாய். அலுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் யாராவது எதையாவது தூக்கச் சொல்லும்போது, தலையாட்டுவதற்குமுன், அன்று நீ என்னைப் பார்த்த பார்வை வந்து நிற்கிறது.

மறுபதிப்பில் அந்த வரியைச் சேர்த்தேன், பதினாறாம் பக்கத்தில். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முதல் பதிப்பு இன்னும் படகுகளில் இருக்கிறது.