கருமாதிப் பத்திரிகை கொண்டுவருபவருக்குத் தண்ணீர்

மாமா,

இன்று மத்தியானம் சூளைக் கதவைத் திறந்தேன். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வெந்து வெளுத்து அடுக்கடுக்காக நின்றன. முழுசாக ஆறுவதற்குள் முதலாளிக்கு அவசரம். அனல் முகத்தில் அறைந்தது. வருஷக்கணக்காக வாங்குகிற அறைதான். ஆனால் இன்றைக்கு உங்கள் ஞாபகம் வந்து, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கு ஒரு பக்கந்தான் மாப்ள அனலு. எனக்கு நாலு பக்கமும்" என்று ஒருமுறை தபால் பையோடு சைக்கிளில் இருந்தபடியே சொன்னீர்கள். "அப்ப நீங்கதான் நல்லா வெந்த சரக்கு" என்றேன் நான். அதற்குச் சிரித்தீர்கள். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை.

நான் மூணாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு வந்த கடுதாசிகளை எல்லாம் அப்படித்தானே படித்தீர்கள். 'செல்வராசு, மேலத் தெரு' என்று மட்டும் எழுதி வரும். மேலத் தெருவில் செல்வராசு நாலு பேர். நீங்கள் நாலு வாசலிலும் இறங்கி ஏறுவீர்கள். "அப்பன் பேரையும் சேத்து எழுதச் சொல்லு மாப்ள, எனக்கு மூணு வாசல் மிச்சம்" என்பீர்கள். நீங்கள் ஊரிடம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான். விலாசத்தில் அப்பன் பெயர். நீங்கள் தெருவைத் தாண்டும் வரை நாய்க்குக் கயிறு. வேலைக்குப் போகிறவர்கள், தங்கள் கடுதாசியை யாரிடம் கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை. சைக்கிளை விட்டு இறங்காமலே போட, கை எட்டுகிற உயரத்தில் ஒரு டப்பா.

"இதெல்லாம் நாங்க செஞ்சிட்டா அப்புறம் உங்களுக்கு எதுக்கு சம்பளம்?"

"ஒன் வாய்க்குப் பதில் சொல்றதுக்கு."

கம்பெனியில் மெருகுப் பொடி வந்த தகர டப்பா ஒன்றைக் கழுவி, என் வாசல் படலில் கட்டினேன். ஊரில் முதல் டப்பா அதுதான். மறுநாள் அதில் கடுதாசியைப் போட்டுவிட்டு, "இறங்காம போறேன் பாரு, கலெக்டர் மாதிரி" என்று மணியடித்துக்கொண்டே போனீர்கள்.

அதற்குள் ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது. சுகம் விசாரிக்கிற கடுதாசி நின்றுபோனது. கருமாதிப் பத்திரிகை மட்டும் குறையவில்லை. அதை டப்பாவில் போடவும் முடியாது. நம் பக்கத்தில் அதை யாரும் படலுக்கு உள்ளே விடமாட்டார்கள். வெளியிலேயே பார்த்துக் கிழித்துப் போட வேண்டும். கொண்டுவந்தவரை "வாங்க" என்று சொல்லக் கூடாது. தண்ணீர் தரக் கூடாது. அவரும் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் திரும்ப வேண்டும்.

அந்த அக்கினி நட்சத்திரத்தில் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு பெரிய குடும்பத்தில் சாவு. நம் ஊரில் பாதி வீடு அவர்களுக்கு உறவு. பையில் ஒரு கட்டு கருமாதிப் பத்திரிகையோடு வந்தீர்கள். கரண்டு இல்லாமல் கம்பெனிக்கு லீவு என்பதால் நான் வீட்டில் இருந்தேன். மற்ற நாளில் மோர் கொடுக்கிற வீடுகள்கூட அன்றைக்குப் பத்திரிகையை நுனிவிரலால் வாங்கிக் கிழித்துவிட்டுக் கதவைச் சாத்தின. என் படலுக்கு வந்தபோது உங்கள் உதடு வெடித்திருந்தது. சட்டை காய்ந்திருந்தது. வேர்வைகூட இல்லை.

"உள்ள வாங்க மாமா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

"தள்ளி நில்லு. பொண்ணு தலப்பிரசவத்துக்கு வந்திருக்குது இல்ல? இதக் கையில வச்சிக்கிட்டு ஒன் வூட்டுத் தண்ணிய நான் குடிக்கறதா?"

"சாமி ஒண்ணும் சொல்லாது, குடிங்க."

"சாமி சொல்லாது. ஒன் பொண்டாட்டி மனசுல கெடக்கும். கட்டு தீரட்டும், திரும்பி வரப்ப குடிக்கிறேன்."

சொம்போடு தெருவரைக்கும் பின்னால் வந்தேன். நீங்கள் ஏறி மிதித்துவிட்டீர்கள். அடுத்த ஊருக்கு ஏரிக்கரை வழி. அங்கே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது.

நீங்கள் விழுந்து கிடப்பதைக் கரையில் ஆடு மேய்த்தவர் கண்டு வந்து சொன்னார். நாங்கள் போய்த் தூக்கும்போது உடம்பு சுட்டது, சூளையிலிருந்து எடுத்த மாதிரி. சைக்கிள் சரிந்து கிடந்தது. பையின் வாய் கட்டியே இருந்தது. விருத்தாசலத்தில் டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல தண்ணியே இல்லையே" என்றார். எவ்வளவு நேரமாக இவர் ஒன்றும் குடிக்கவில்லை என்று கேட்டார். கூட வந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் அன்றைக்கு நீங்கள் நின்றிருந்தீர்கள்.

பிறகு உங்கள் கருமாதிப் பத்திரிகையும் தபாலிலேயே வந்தது. உங்கள் இடத்துக்குத் தற்காலிகமாக வந்த பெண்தான் கொண்டுவந்தாள். அதே வெயில், அதே மாதிரி ஒரு கட்டு. அவள் வர வர ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது.

நான் தெருவில் இறங்கி, "தண்ணி குடிம்மா" என்றேன்.

"வேணாங்கண்ணே. கையில இது இருக்குது."

"இருக்கட்டும். அதோடயே குடி."

என் பெண்டாட்டி உள்ளிருந்து, "ஏங்க, வயித்துப் புள்ளக்காரிய வூட்ல வச்சிக்கிட்டு..." என்றாள். எனக்கும் பயம்தான் மாமா. அதற்குள் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். சொம்பை நீட்டி, "குடி அக்கா" என்றாள். "இவரு ஒரு வாய் குடிச்சிருந்தா இன்னைக்கு நீ இத எடுத்துக்கிட்டு வந்திருக்க மாட்ட."

அந்தப் பெண் ஒரு கையில் உங்கள் பத்திரிகைக் கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது. சன்னல்களில் தலைகள் தெரிந்தன.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது பல படல்களில் டப்பா தொங்குகிறது. நாயைக் கட்டுகிறார்கள். விலாசத்தில் அப்பன் பெயர் வருகிறது. ஆனால் கருமாதிப் பத்திரிகை வருகிற நாளில் மட்டும் சில கதவுகள் இன்னும் சாத்திக்கொள்கின்றன. நான் சண்டைக்குப் போவதில்லை. வீட்டில் இருக்கிற நாளெல்லாம் மணிச்சத்தம் கேட்டதும் பெரிய சொம்பாக எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறேன். அந்த வீடுகளின் தண்ணீரையும் நான்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், மாமா.