ஏலக்காய் போடாத கேக்

சிவமயம்

கடியாபட்டி
12-6-1954

செவந்திக்கு மெய்யம்மை எழுதிக்கொண்டது. எல்லாரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. உன் விலாசம் அவுக பெட்டியில் இருந்தது. பினாங்கில் நீ அவுகளோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியது எனக்குத் தெரியும். சண்டை போட இதை எழுதவில்லை.

ஊருக்கு வந்த மறுவாரமே அவுகளுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. யாரையும் அடையாளம் தெரியவில்லை அவுகளுக்கு. கஞ்சி கொடுத்தால் துப்புகிறார்கள். "கேக்கு குடு"ங்கிறதுதான் பேச்சு. வயிறு இப்படியே கிடந்தால் ஆள் தேறாது என்கிறார் வைத்தியர். நீ வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்தவளாமே. செய்முறையை எழுது.

மெய்யம்மை

பினாங்கு
1-7-1954

அக்கா அவர்களுக்குச் செவந்தியின் வணக்கம். வைது எழுதியிருப்பீர்கள் என்று பயந்து ஒருநாள் முழுக்கக் கவரைப் பிரிக்கவில்லை. வைதிருக்கலாம் அக்கா.

மைதா, சீனி, வெண்ணெய் மூன்றும் அரை அரை ராத்தல், முட்டை நாலு, சோடா உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயும் சீனியும் வெளுக்கிறவரை ஒரே பக்கமாகக் கலக்குங்கள். பெரிய சட்டியில் மணலைக் காயவைத்து, அதன்மேல் மாவு ஊற்றிய தகரத்தை வைத்து மூடுங்கள். மூடிமேலும் கங்கு போடணும். பாதியில் திறந்தால் அமுங்கிவிடும். ஏலக்காய் போட்டுவிடாதீர்கள், அவர்களுக்கு ஆகாது.

எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

செவந்தி

கடியாபட்டி
3-8-1954

செவந்திக்கு,

முதல் கேக் கரி. இரண்டாவது களி. மூன்றாவது சரியாக வந்தது. ஏலக்காய் போடவில்லை. கல்யாணமான நாளாய் நான் வைத்த பாயசமெல்லாம் ஏலக்காயோடுதான். ஒருநாளும் வாய் திறந்து ஆகாதென்று சொன்னதில்லை, மனுஷர்.

விண்டு வாயில் வைத்தேன். தின்றார்கள். "செவந்தி, வந்திட்டியா?" என்றார்கள். "வந்துட்டேன், தின்னுங்க" என்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கை பாட்டுக்கு அடுத்த துண்டை விண்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் நான்தான் செவந்தி.

உடம்பு தேறிவிட்டது. நேற்று எழுந்து உட்கார்ந்து, "ஊருக்குக் காயிதம் போட்டியா? நான் இனிமே வரலைன்னு மெய்யம்மைக்கு எழுதிரு" என்றார்கள். "சரிங்க, எழுதிர்றேன்" என்றேன்.

நீ கப்பலேறி வா. என்றைக்கு வருகிறாய் என்று எழுது. அதுவரை நான் சுட்டுப் போடுகிறேன். அப்புறம் பொன்னமராவதியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே என்னை மெய்யம்மை என்று கூப்பிடுவார்கள்.

மெய்யம்மை