பலகையில் போட்ட ஒன்று

சோல்வைக்,

ராத்திரி போட்ட சண்டையில், எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று எழுதும் பொதுச் சாப்பாட்டறைப் பலகையில் நம் வீட்டுக்கு நேரே இருந்த இரண்டை அழித்து ஒன்று போட்டுவிட்டேன். இன்று நீ சாப்பிட வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் வேலைக்குப் போனாயா? குடியிருப்பின் இருபது வீடும் பார்த்துவிட்டது. பக்கத்து வீட்டு இங்கர் வந்து, "நீங்க பிரியுறீங்களாமேப்பா, வீடு காலியானா என் தங்கச்சி கேக்குறா" என்கிறாள்.

நாற்பது பேருக்கு இன்று சமைப்பது என் முறை. விட்டுவிட்டு உன்னைத் தேடி வர முடியவில்லை. அலமாரியில் ரொட்டி இருக்கிறது. அதைத் தின்று பசியாறிவிடாதே. ஆறு மணிக்கு சாப்பாட்டறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார். பேசக்கூட வேண்டாம்.

ஆஸ்கர்

மறுபடி இரண்டு போட்டிருக்கிறேன். போகத்தான் போகிறாய் என்றால் முதலில் என்னிடம் சொல். பலகையில் போய் அழிக்காதே.