நாலு மணி நேர வழி

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது, அதை விடு. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அக்காவுக்கு ஆபீஸ் வேலையாக நீ இருக்கும் ஊருக்கே டிக்கெட் போட்டிருக்கிறார்கள், கிளம்ப இரண்டு மாதம் இருக்கிறது. டிக்கெட்டை அப்பாவிடம் காட்டினாள். உனக்குத்தான் தெரியுமே, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனுஷன், சேரும் நேரத்தில் கிளம்பும் நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் மறுவேலை. காலை பத்துக்குக் கிளம்பி அன்றைக்கே மத்தியானம் இரண்டுக்கு இறங்குகிறாள், நாலு மணி நேரம்தானே, ஒரு பாட்டில் தண்ணீர் போதும் என்றார். அடுத்த தாளைப் புரட்டினால் திரும்பி வர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. அதே வழிதானே, வரும்போது மட்டும் என்ன மேடா என்று கேட்டாரே பார்க்கலாம், அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்புறம்தான் சொன்னாள், நீ இருக்கும் ஊர்க் கடிகாரம் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, பதினாலாயிரம் கிலோமீட்டர், போனாலும் வந்தாலும் பதினாறரை மணி நேரம் விமானத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று.

அப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெரியப்பா தவறியபோது நீ எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தாயே, அன்றைக்கு உன்னிடம் பேச்சை நிறுத்தியவர், ஏன் என்று எத்தனை கேட்டும் மூன்று வருஷமாக வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார். நீ முதல் தடவை போனபோது உன் டிக்கெட்டிலும் இதே கழித்தல்தான் போட்டிருக்கிறார். நாலு மணி நேர வழியில் இருக்கிறவன், தூக்கி வளர்த்த பெரியப்பா முகத்தைப் பார்க்க இரண்டு நாள் கழித்து வந்தான் என்று உள்ளுக்குள்ளேயே குமைந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கழித்தலுக்காகப் பிள்ளையை மூன்று வருஷம் ஒதுக்கி வைத்தீர்களே என்று நன்றாகக் கேட்டுவிட்டேன், அழுகையும் வந்துவிட்டது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர், கை கழுவிக்கொண்டே, "அன்னைக்கு அவன் வாசல்ல வந்து நின்னப்ப யாராவது ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டு, தனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொன்னார். இந்த வயதில் நீங்கள் எங்கே போவது, ஃபோனில் பேசினால் போதாதா என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். போதாதாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. நான் அடுத்த தடவை வருகிறேன், இப்போது நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும், நீண்ட நாள் நன்றாக இரு. மறக்காமல் விமான நிலையத்துக்கு நீயே வா. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன், எதையாவது சுற்றி வளைத்துத்தான் பேசுவார், நீ பழசைக் கிளறாதே. ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "அழுதுக்கிட்டே அவன் வந்த தூரத்தை நானும் ஒரு தடவை உக்காந்து பாக்கணும்."

இப்படிக்கு,
உன் அம்மா